தாத்தாவின் பவர் டில்லரும் அப்பாயி சொன்ன பாடமும்



இந்த மாதச் சுவர் இதழுக்கு ஆளுக்கு ஒரு அறிவியல் கட்டுரை எழுதணும்னு டீச்சர் சொன்னாங்க. ராக்கெட், செல்போன் பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எங்க வீட்டு மாட்டுக்கொட்டகையில் நிற்கிற பழைய பவர் டில்லரைப் பற்றி எழுதுகிறேன். நம்ம ஊரில் இன்னும் சில வீடுகளிலும் இப்படிப் பழைய டில்லரைச் சரிசெய்து, பெயிண்ட் அடித்து, மறுபடி ஓட்டுகிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

பவர் டில்லர் எங்கிருந்து வந்தது?

பவர் டில்லர் என்பது இரண்டே சக்கரம் உள்ள சின்ன டிராக்டர். ஓட்டுகிறவர் பின்னால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தே வருவார். கலப்பை மண்ணைக் கீறி உழும். ஆனால் டில்லரில் சுழலும் பிளேடுகள் மண்ணை வெட்டிப் புரட்டிப் பொடி ஆக்கும். சுமார் நூறு வருடம் முன்பே சுவிட்சர்லாந்தில் மேயன்பர்க் என்பவரும், ஆஸ்திரேலியாவில் ஹோவர்டு என்பவரும் இந்தச் சுழல் முறையில் இயந்திரம் செய்தார்கள். ஜப்பானில் வயல்கள் சின்னச் சின்னதாக இருப்பதால் அங்கே இது வேகமாகப் பரவியது. அங்கிருந்து 1960களில் இந்தியாவுக்கு வந்தது. பெங்களூரில் வி.எஸ்.டி. கம்பெனி 1967-லும், கேரளாவில் காம்கோ 1973-லும் தொடங்கப்பட்டன. ரெண்டுமே ஜப்பான் கம்பெனிகளின் தொழில்நுட்பத்தோடு டில்லர் செய்தவை.

அமெரிக்காவில் இதற்கு அண்ணன் தம்பி மாதிரி கார்டன் டிராக்டர் என்று ஒன்று உண்டு. 1960களில் வந்த அந்த வண்டிகளை இன்றும் சிலர் சரிசெய்து, பளபள என்று வைத்துக் கண்காட்சிக்குக் கொண்டு போகிறார்கள். நம்ம ஊரில் பழைய வண்டியைச் சரிசெய்வது கண்காட்சிக்கு இல்லை, சோத்துக்கு. அதனால் நாம் இன்னும் கவனமா இருக்கணும்.

எங்க வண்டியின் கதை

எங்க தாத்தா அந்த டில்லரை 1988-ல் வாங்கினார். எங்களுக்கு மூணு மா நிலம், அதாவது ஒரு ஏக்கர். எனக்கு மூணு வயசு இருக்கும்போது தாத்தா இறந்துட்டாங்க. அப்பா அப்போ திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். வண்டி பத்து வருஷம் கொட்டகையிலேயே நின்றது. அதன் மேல் கோழி அடை படுத்தது. பழைய இரும்புக்காரர் வந்து கிலோ கணக்கில் விலை கேட்டார். அப்பாயிதான், "அது அவர் ஓட்டின வண்டி, தரமாட்டேன்"னு சொல்லிட்டாங்க.

2020-ல் கொரோனா வந்தபோது அப்பா வேலையை விட்டு ஊருக்கு வந்தார். புது டில்லர் வாங்க லட்சக்கணக்கில் பணம் வேண்டும். அதனால் அம்மாவின் தோட்டை அடகு வைத்து, 34 ஆயிரம் ரூபாய் செலவு செய்து பழசையே சரிபண்ணினோம். பட்டறை மாமா என்ஜினை முழுசா பிரித்து, புது லைனர், பிஸ்டன் ரிங், ஆயில் சீல், பேரிங், மூணு பெல்ட் எல்லாம் போட்டார். சிவப்பு பெயிண்ட் அடித்து, மாலை போட்டு, பொட்டு வைத்தோம். பார்க்கப் புது வண்டி மாதிரியே இருந்தது. எல்லாருக்கும் ஒரே சந்தோஷம்.

ஆனால் அங்கேதான் தப்பு செய்தோம். வண்டியை மட்டும்தான் சரிபண்ணினோம். அதை எப்படி ஓட்டுவது என்ற தாத்தாவின் அறிவை யாரும் தேடிப் பார்க்கவில்லை.

அன்று நடந்தது

ஓட்ட ஆரம்பித்துப் பதினோராம் நாள். வாய்க்கால் கரையிலிருந்து வயலுக்கு இறங்குகிற சரிவில் அப்பா வண்டியை இறக்கினார். நான் சோத்துத் தூக்கோடு பின்னால் வந்தேன். வலது பக்கம் ஒரு புங்கமரம் இருந்தது. மரத்தில் இடிக்காமல் இடது பக்கம் திருப்ப, அப்பா இடது கை லீவரைப் பிடித்தார். வண்டி இடது பக்கம் போகவில்லை. விர்ருனு வலது பக்கம் திரும்பிவிட்டது! மரத்துக்கும் கைப்பிடிக்கும் நடுவில் அப்பாவின் கால் மாட்டிக்கொண்டது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வயல்காரர்கள் ஓடி வந்தார்கள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்தப் போகம் எங்க நிலம் தரிசாகவே கிடந்தது. தோடு இன்னும் அடகில்தான் இருக்கு.

ஆஸ்பத்திரியில் அப்பாயி மெதுவா சொன்னாங்க: "எறக்கத்துல கை மாத்திப் புடிக்கணும்டா. உங்கப்பா எப்பவும் சொல்வாரு."

"ஏம்மா இத முன்னாடியே சொல்லல?"ன்னு அப்பா கேட்டார்.

"நீ கேக்கலையேப்பா"ன்னு அப்பாயி சொன்னாங்க.

அப்பாயி ஒரு நாளும் டில்லர் ஓட்டியதில்லை. ஆனால் தாத்தாவுக்குக் கஞ்சி கொண்டு போய் வரப்பிலேயே உட்கார்ந்து எத்தனையோ வருஷம் பார்த்தவங்க. அவங்க தலைக்குள்ளே எல்லாம் இருந்தது. நாங்கதான் கேக்கவே இல்லை.

ஏன் எதிர்ப் பக்கம் திரும்பியது?

டில்லரில் ஸ்டியரிங் கிடையாது. இரண்டு கைப்பிடியிலும் ஒவ்வொரு லீவர் இருக்கும். இடது லீவரைப் பிடித்தால் இடது சக்கரத்துக்கு என்ஜினோடு உள்ள தொடர்பு விட்டுப் போகும். சமதரையில் அந்தச் சக்கரம் பின்தங்கி நிற்கும், வலது சக்கரம் முன்னே போகும். வண்டி இடது பக்கம் திரும்பும். இது சரி.

ஆனால் இறக்கத்தில் என்ஜின் சக்கரத்தை இழுக்கவில்லை, தடுத்துப் பிடித்துக் கொண்டிருக்கிறது. அப்போது இடது லீவரைப் பிடித்தால் இடது சக்கரம் தடை இல்லாமல் கடகடன்னு உருளும். வலது சக்கரம் மெதுவாகவே போகும். அதனால் வண்டி வலது பக்கம் திரும்பும்.

இதை ஒரு விளையாட்டாகச் செய்து பாருங்கள். இரண்டு பேர் கை கோர்த்துக்கொண்டு மேட்டிலிருந்து மெதுவாக இறங்குங்கள். வலது பக்கம் இருப்பவரின் இடுப்பை மட்டும் ஒருவர் பின்னாலிருந்து பிடிக்கட்டும். இடது பக்கம் இருப்பவர் முன்னே ஓடுவார். இரண்டு பேரும் வலது பக்கமாகச் சுற்றுவீர்கள். எங்க அப்பாவுக்கு நடந்ததும் இதுதான்.

கொட்டகையில் தொங்கும் அட்டை

அப்பா கட்டிலில் இருந்த ஆறு வாரமும் சாயங்காலம் நான் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு அப்பாயியிடம் கேள்வி கேட்டேன். பட்டறை மாமாவிடமும் கேட்டேன். எல்லாவற்றையும் ஒரு அட்டையில் எழுதிக் கொட்டகையில் மாட்டியிருக்கிறோம். அதைத்தான் இங்கே தருகிறேன்.

1. இறக்கம்: சரிவில் இறங்கும் முன் வண்டியை நிறுத்தி, சின்ன கியர் போட்டு, ஆக்சிலேட்டரைக் குறைக்கணும். பாதியில் கிளட்சை விடவோ நியூட்ரல் ஆக்கவோ கூடாது. திருப்ப வேண்டுமானால் கைப்பிடியைத் தள்ளித் திருப்பணும். லீவரைப் பிடித்தே ஆகணும் என்றால் எதிர்ப்பக்க லீவர்.

2. ஸ்டார்ட்: நம்ம பழைய வண்டிக்கு ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்யணும். கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்கணும். சில நேரம் என்ஜின் எதிர்த்து உதைக்கும். கட்டை விரல் ஹேண்டிலைச் சுற்றி இருந்தால் எலும்பு உடைந்துவிடும். முதலில் கியர் நியூட்ரலில் இருக்கான்னு பார்க்கணும்.

3. புது ரிங்: ரிங்கும் லைனரும் புதுசா போட்ட உடனே கஷ்டமான வேலை கொடுக்கக் கூடாது. இரண்டும் ஒன்றோடு ஒன்று உரசிப் பழக நாள் வேண்டும். மாமா சொன்னது, முதல் 25 மணி நேரம் பாதி வேலைதான். அப்புறம் ஆயிலை மாற்றிவிடணும். ஏன் என்றால் உரசும்போது வரும் இரும்புத் தூள் அந்த ஆயிலில்தான் இருக்கும்.

4. தண்ணீர்: தினமும் ஓட்டும் முன் என்ஜின் ஆயிலும் தண்ணீரும் பார்க்கணும். சூடா இருக்கும்போது மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். தண்ணீர் குறைந்து சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விடும். ஆறட்டும்.

5. பிளேடு: பிளேடில் புல், கொடி சுற்றிக்கொண்டால் என்ஜினை முழுசா நிறுத்திய பிறகுதான் கை வைக்கணும். கிளட்சை மட்டும் விட்டுவிட்டுக் கை வைக்கவே கூடாது. பிளேடு சுற்றும்போது பின்பக்கம் வண்டியை எடுக்கக் கூடாது. பின்னால் நிற்பது நம்ம கால்தான்.

6. மூடி: பழைய வண்டிகளில் பெல்ட் மேலே இருக்கும் மூடி தொலைந்து போயிருக்கும். எங்க வண்டியிலும் இல்லை. பெயிண்டுக்குக் கொடுத்த காசில் பாதிகூட ஆகாது, தகரக் கடையில் ஒரு மூடி செய்து போட்டுவிட்டோம். பெண் பிள்ளைகளுக்கு இது ரொம்ப முக்கியம். தாவணி, துப்பட்டா, பின்னல் எது பெல்ட்டில் பட்டாலும் ஒரு நொடியில் இழுத்துவிடும். நான் இப்போது வண்டிப் பக்கம் போனால் துப்பட்டாவை இடுப்பில் கட்டி, பின்னலை மடித்துக் கட்டிக்கொள்வேன்.

7. புகை: மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓட விடக் கூடாது. புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு இருக்கு. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

8. டிரெய்லர்: டில்லர் டிரெய்லரில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போகக் கூடாது. பழைய பிரேக்கை நம்பிப் பத்துப் பேர் உயிரை வைக்க முடியுமா?

ஒரு சின்னக் கணக்கு

டில்லர் ஓட்டுவது லேசான வேலை என்று நினைக்காதீர்கள். எங்க டில்லர் ஒரு சாலில் 60 செ.மீ. அகலம் உழும், அதாவது 0.6 மீட்டர். ஒரு ஏக்கர் என்பது 4047 சதுர மீட்டர். 4047-ஐ 0.6-ஆல் வகுத்தால் 6745 மீட்டர். ஒரு ஏக்கரை ஒரு தடவை உழ அப்பா கிட்டத்தட்ட ஏழு கிலோமீட்டர் நடக்க வேண்டும்! சேற்றுழவு என்றால் அந்த ஏழு கிலோமீட்டரும் சேற்றில். கைப்பிடி வேறு அதிர்ந்துகொண்டே இருக்கும், கை மரத்துப் போகும். அதனால் எங்க வீட்டுச் சட்டம், ஒரு மணி நேரம் ஓட்டினால் கால் மணி நேரம் ஓய்வு. வண்டிக்கும் ஓய்வு, அப்பாவுக்கும் ஓய்வு. களைத்த கைதான் தப்பான லீவரைப் பிடிக்கும்.

அப்படியானால் பழைய வண்டியை ஓட்டவே கூடாதா?

அம்மா அப்படித்தான் சொன்னாங்க. விபத்துக்கு அப்புறம் "இத வித்துடுங்க, இல்லன்னா மூடி வைங்க"ன்னு அழுதாங்க. ஆனால் சும்மா மூடி வைத்தாலும் வண்டி கெட்டுவிடும். ரிங் பிடித்துக்கொள்ளும், தண்ணீர்த் தொட்டி துருப்பிடிக்கும், ரப்பர் சீல் காய்ந்து ஆயில் ஒழுகும், எலி ஒயரைக் கடிக்கும். பத்து வருஷம் நின்றதால்தானே 34 ஆயிரம் செலவாச்சு!

பழைய வண்டியை ஓட்டணும், ஆனால் அதன் வயசுக்கு ஏத்த வேலை கொடுக்கணும். தாத்தா இருந்திருந்தால் அவரைக் களத்துமேட்டில் காவலுக்கு உட்கார வைப்போம், மூட்டை தூக்கச் சொல்ல மாட்டோம் இல்லையா? அது மாதிரிதான். எங்க வண்டி எங்க மூணு மாவை மட்டும் உழும். கொல்லையில் கத்தரி, வெண்டைக்கு மண்ணைப் பொடி ஆக்கும். ராத்திரி பகலா வாடகைக்கு ஓட்டச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். காசு வரும் என்று ஆசையாகத்தான் இருந்தது. அப்பா முடியாதுன்னு சொல்லிட்டார். வேலை இல்லாத மாதங்களில் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வெளியே எடுத்து, என்ஜின் நல்லா சூடாகும் வரை ஓடவிட்டு நிறுத்துவோம்.

நண்பர்களே, பெயிண்ட் அடித்தால் வண்டி புதுசு ஆகிவிடாது. உங்க வீட்டில் பழைய டில்லரோ, ஆயில் என்ஜினோ, நெல் தூற்றும் இயந்திரமோ எதைச் சரிசெய்தாலும், அதை முன்னால் ஓட்டியவர் யார் என்று தேடுங்கள். அவர் இல்லை என்றால் பக்கத்தில் இருந்து பார்த்தவரிடம் கேளுங்கள். பெரியவங்க தானாகச் சொல்வாங்கன்னு காத்திருக்காதீங்க. நாமதான் போய்க் கேக்கணும். கேட்டதை எழுதி வைக்கணும்.

அப்பா இப்போது நன்றாக நடக்கிறார். மழை நாளில் மட்டும் கால் வலிக்குதுன்னு சொல்வார். இந்த வருஷம் மறுபடி உழுதோம். வாய்க்கால் சரிவு வந்ததும் அப்பா வண்டியை நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சத்தமா, "சின்ன கியர்! லீவர் தொடாதீங்க!"ன்னு சொன்னேன். வண்டி மெதுவா, நேரா வயலில் இறங்கியது.



— ஒன்பதாம் வகுப்பு மாணவி