உருமாறிய பாறைகள்

புவியோட்டின் பாறைகள் தீப்பாறை, அடையற்பாறை, உருமாறிய பாறை என மூவகைப்படும். முன்னைய இரண்டும் மிக்க வெப்பத்துக்கும் அமுக்கத்துக்கும் உட்பட்டு, உருகாது திண்மநிலையிலேயே புதிய கனிப்பொருள்களையும் புதிய அமைப்பையும் பெறுமாயின் உருமாறிய பாறைகள் எனப்படும்.

தீக்குழம்பின் அயலில் வெப்பமே மிகுந்து நிகழ்வது தொடுகை உருமாற்றம். மலையாக்கத்தின்போது வெப்பமும் அமுக்கமும் ஒருங்கே தொழிற்படப் பெரும்பரப்பில் நிகழ்வது பிரதேச உருமாற்றம். ஒரு திசை அமுக்கம் மிகுமிடத்துத் தகட்டுருவான கனிப்பொருள்கள் அத்திசைக்குச் செங்குத்தாக அணிவகுக்கும். இவ்வணியே பாகுபாட்டுக்கு அடிப்படையாம். களிப்பாறை முதலிற் சிலேற்றாகவும், உருமாற்றம் முதிரச் சிசுற்றாகவும், பின்னர்ப் பட்டைகளையுடைய நைசாகவும் மாறும். இவை அணியுடையன. மணற்கல்லிற் பிறந்த குவாட்சைற்றும், சுண்ணக்கல்லிற் பிறந்த சலவைக்கல்லும் பெரும்பாலும் அணியற்றன.

இலங்கையின் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு உருமாறிய பாறைகளாலானது. யாழ்ப்பாணக் குடாநாடோ மயோசீன் காலச் சுண்ணக்கல்லாலானது. மாத்தளைப் பகுதிச் சலவைக்கல்லும் ஒருகாலத்துச் சுண்ணாம்பு அடையலே. அது ஆழப் புதைந்து, படிகங்கள் நெருங்கிப் பிணையத் துளைகளை இழந்தது. குடாநாட்டுக் கல் அவ்வாறு உருமாறவில்லை. அதன் துளைகளிலும், மழைநீர் கரைத்த குழிகளிலும் கிணற்றுநீர் தங்குகின்றது. அவ்வழியே கழிவும் உரமும் விரைந்து இறங்குதலுங் கூடும். உருமாறிய பாறையிலோ நீர் வெடிப்புக்களிலும் சிதைந்த மேற்படையிலுமே தங்கும். ஆதலாற் கல்லின் வகையை அறிதல், நீரின் இருப்பிடத்தையும் அதனைக் காக்கும் வழியையும் அறிதலாகும்.