முதற்பிரதியும் முதல் வாசகரும்

நூல்களை நேசிப்பவன் என்று தன்னைத் தானே சொல்லிக்கொள்ளுதல் எளிது. அந்நேசத்துக்குச் சான்று காட்டுதலே அரிது. முப்பது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்துவரும் எனக்கு இவ்வுண்மை சென்ற மாரிகாலத்தில்தான் நன்கு உறைத்தது.

வரிப்பத்தான்சேனை வயல் சூழ்ந்த ஊர். மாரி பிறந்துவிட்டால் மண்ணில் மட்டுமன்று, மரத்திலும் ஈரம் ஊறும். ஈரம் ஊறிய இடத்தைக் கறையான் தேடி வரும். ஆதலால் மழை வலுக்குமுன் புத்தக அலுமாரியை வெறுமையாக்கி, ஒவ்வொரு நூலாகத் துடைத்து மீண்டும் அடுக்குவது என் வழக்கம். இம்முறை கீழ்த்தட்டைத் துடைத்தபோது அங்கே நாற்பத்திரண்டு நூல்கள் இருக்கக் கண்டேன். யாவும் வெளியீட்டு விழாக்களிற் பெற்றவை. அவற்றுள் முழுவதும் படித்தவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தேன். ஒன்பதுதான்.

படியாதவற்றுள் ஒன்று என் பழைய மாணவர் ஒருவர் பதிப்பித்தது. தம் மூத்தம்மாவின் வாய்மொழியாகக் கேட்டெழுதிய நாட்டார் கவிகளின் தொகுதி அது. பதினொரு ஆண்டுகளுக்கு முன் அதன் வெளியீட்டு விழாவில் வாழ்த்துரை வழங்கியவன் நான். அணிந்துரையை மட்டும் படித்துவிட்டு அரைமணி நேரம் பேசினேன், கைதட்டலும் பெற்றேன். விழா முடிந்தபின் அவர் என்னருகே வந்து, "சேர், எந்தக் கவி உங்களுக்குப் பிடிச்சிருந்த?" என்று கேட்டார். "எல்லாமே நல்லாத்தான் இருக்கு தம்பி" என்றேன். அவர் முகம் ஏன் வாடிற்று என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.

நம் பகுதியில் நூலொன்று வெளிவரும் முறையை வாசகர் நன்கறிவர். எழுதியவரே பதிப்பாளர், அவரே விற்பனையாளர், பல வேளைகளில் சுமந்து செல்பவரும் அவரே. கைப்பொருளைத் திரட்டியோ நகையை அடகு வைத்தோ முந்நூறு பிரதிகள் அச்சிடுவிப்பார். பின்னர் மண்டபம், அழைப்பிதழ், பொன்னாடை. செல்வர் ஒருவர் முதற்பிரதி பெறுவார். வேறு சிலர் சிறப்புப் பிரதி பெறுவர். ஏனையோர் வரிசையில் வந்து கடித உறையைக் கொடுத்து நூலை வாங்கிச் செல்வர். அன்று மாலையே அச்சுக்கூலி ஒருவாறு அடைபட்டுவிடும். எஞ்சிய பிரதிகள் கட்டிலின்கீழ்ப் பெட்டிகளில் உறங்கத் தொடங்கும்.

இவ்வள்ளன்மையை நான் இகழவில்லை. அஃது இல்லையேல் நம்மவர் நூல்கள் பல அச்சேறியே இரா. ஆயினும் அன்பளிப்புக்கும் விலைக்கும் வேறுபாடு உண்டன்றோ? அன்பளிப்புக் கொடுத்தவர் எழுதியவருக்குத் தம் கடமை முடிந்ததென்று எண்ணிச் செல்கிறார். விலை கொடுத்து வாங்கியவரோ, கொடுத்த காசுக்கு நூலிடம் கணக்குக் கேட்கிறார். பிழை கண்டால் சினக்கிறார். நயம் கண்டால் அயலவரிடம் சொல்கிறார். நூலுக்கு உயிர் வருவது அக்கணக்குக் கேட்கும் இடத்திலேயாம்.

முன்னோர் இதை அறிந்திருந்தனர். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அச்சுச் செலவுக்குப் பலரிடம் முன்னதாகவே கையொப்பம் பெற்றார். நூல் வெளிவந்ததும் வாங்கிக்கொள்வதாகப் பெயரெழுதிக் கொடுத்தவர்கள் கையொப்பக்காரர் எனப்பட்டனர். வெளிவராத நூலை நம்பிப் பெயர் கொடுத்த அவர்களும் அப்பதிப்பில் ஒரு பங்குடையவர்களே.

நமக்கு அண்மையிலேயே மற்றுமோர் எடுத்துக்காட்டு உண்டு. கல்முனையில் எம். ஏ. நுஃமான் 1969ஆம் ஆண்டில் 'கவிஞன்' என்னும் காலாண்டிதழைத் தொடங்கினார். அக்காலத்திலேயே கல்முனையிலிருந்து நூல்களும் வெளிவரலாயின. யாழ்ப்பாணத்து அளவெட்டியிற் பிறந்த மஹாகவியின் 'கோடை' என்னும் பாநாடகம் 1970இலும், நுஃமானின் 'தாத்தாமாரும் பேரர்களும்' 1977இலும், 'பலஸ்தீனக் கவிதைகள்' 1981இலும் அவ்வாறு வந்தவை. அவற்றை வெளியிட்ட அமைப்பின் பெயரை உற்று நோக்குக: வாசகர் சங்கம்! பதிப்பகம் என்றோ எழுத்தாளர் மன்றம் என்றோ அவர்கள் பெயரிடவில்லை. நூலுலகின் அடித்தளம் வாசகரே என்பதை அப்பெயர் ஒன்றே உணர்த்திவிடுகிறது.

அதே எழுபதுகளில் இந்திய நூல்களும் சஞ்சிகைகளும் இலங்கைக்கு வருவது கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அவ்விடைவெளியில் வீரகேசரிப் பிரசுரமாக ஈழத்து நாவல்கள் பல வெளிவந்தன. வன்னி மண்ணின் கதையாகிய பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973இல் அவ்வாறு வந்ததே. 1977ஆம் ஆண்டின்பின் இறக்குமதி தாராளமாயிற்று. அம்முயற்சி மெல்லத் தளர்ந்தது. இதனால் வெளியூர் நூல்களுக்குக் கதவடைக்க வேண்டுமென்று நான் கூறவில்லை. கதவடைத்த வீட்டில் அறிவும் அடைபட்டுப்போகும். கட்டுப்பாடு தந்த வாசகர் கட்டுப்பாடு நீங்கியதும் கலைந்துவிடக்கூடும். தாமே விரும்பிக் கூடிய வாசகரோ அவ்வளவு எளிதிற் கலையார் என்பதே என் கருத்து.

இன்று நிலைமை இன்னும் கடுமையாயிற்று. 2022ஆம் ஆண்டில் கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல்மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. அதன்பின் அச்சுக்கூலியைக் கேட்டுத் திகைத்துக் கையெழுத்துப் பிரதியை மடித்து வைத்துவிட்ட இளைஞர் இருவரை நான் அறிவேன். ஒருபுறம் ஆறுதலும் உண்டு: 2005ஆம் ஆண்டில் தொடங்கிய நூலகம் என்னும் இணைய நூலகம், கறையானுக்கும் தீக்கும் வெள்ளத்துக்கும் எட்டாதபடி ஈழத்து நூல்களைப் பேணி வருகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தை எரியக் கண்ட சமூகத்துக்கும், 2004இல் வீட்டோடு புத்தகங்களையும் கடலுக்குப் பறிகொடுத்த கரையோர ஊர்களுக்கும் அதன் அருமை தெரியும். எனினும் பேணுதல் வேறு, படித்தல் வேறு. என் அலுமாரியிலும் அந்நூல் பேணப்பட்டுத்தான் இருந்தது!

அந்நூலை அன்றிரவே எடுத்து வைத்துப் படித்தேன். இரண்டு இரவுகளில் முடித்தேன். நெல் குற்றும்போது பெண்கள் பாடிய கவிகள், கணவன் வராத இரவில் நெஞ்சுக்குள் பாடிய கவிகள், குழந்தையை உறங்கச் செய்யும் தாலாட்டுகள் யாவும் அதில் உள. நாற்பத்தேழாம் பக்கத்தில் ஒரு கவியின் கீழ்ச் சிறு குறிப்பு இருந்தது: இக்கவியில் வரும் மூன்று சொற்களுக்குப் பொருள் விளங்கவில்லை; அறிந்தவர்கள் தெரிவிக்கவும் என்று.

அக்கவியை என் தாயார் பாடக் கேட்டிருக்கிறேன். சிறுவயதில் அதன் பொருளைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. நூல் என் கைக்கு வந்தபின் நான்கு ஆண்டுகள் அவர் உயிரோடிருந்தார். என் வீட்டில், அந்த அலுமாரிக்கு அடுத்த அறையிலேயே இருந்தார். அன்று நாற்பத்தேழு பக்கங்கள் புரட்டியிருந்தால் அம்மூன்று சொற்களையும் கேட்டு எழுதியிருப்பேன். இன்று யாரிடம் கேட்பது? ஒரு நூலைப் படியாது விடுதலால் யாருக்கு என்ன இழப்பு என்று வினவுவோர்க்கு இதனினும் தெளிவான விடை என்னிடம் இல்லை.

மறுவாரம் அம்மாணவர் வீட்டுக்குச் சென்றேன். பதினொரு ஆண்டுகளுக்கு முன் கேட்ட வினாவுக்கு விடையாக, நாற்பத்தேழாம் பக்கத்துக் கவியே எனக்குப் பிடித்தது என்றேன். நடந்ததையும் மறையாது கூறினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அந்தக் குறிப்பப் பாத்து ஒருத்தராவது வருவாங்கண்டு இருந்தன் சேர். நீங்கதான் முதல் ஆள்" என்றார். முதற்பிரதி பெற்றவரின் பெயர் அவ்விழா அழைப்பிதழில் இன்றும் இருக்கிறது. முதல் வாசகனோ இத்துணைக் காலந் தாழ்த்தி வந்து நின்றான்.

இப்பொழுது எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். கையொப்பக் கொப்பி என்பது அதன் பெயர். அச்சேறாத நூலுக்கு முன்னதாகவே பெயரெழுதி முழுவிலையையும் கொடுத்தல், நூல் வந்த ஒரு மாதத்துள் படித்து முடித்தல், பின்னர் எழுதியவரை நடுவே இருத்தி ஆளுக்கு ஒரு வினாவேனும் கேட்டல் ஆகிய மூன்றே அதன் விதிகள். பொன்னாடை இல்லை, வாழ்த்துரையும் இல்லை. கையெழுத்துப் பிரதியை மடித்து வைத்த இளைஞருள் ஒருவரின் சிறுகதைகளுக்காக இதுவரை முப்பத்தொரு பெயர்கள் சேர்ந்துள்ளன. அறுபது சேர்ந்தால் முதற்கட்ட அச்சுக்குப் போதுமென்று அவர் கணக்கிட்டிருக்கிறார்.

ஊர்தோறும் பாடசாலை உண்டு. பாடசாலைதோறும் கொப்பிக்கும் குறைவில்லை. ஆசிரிய அன்பர்கள் தத்தம் ஊரில் இதனைத் தொடங்கிப் பார்ப்பார்களாக. அதற்குமுன் இன்றிரவு தம் அலுமாரியின் கீழ்த்தட்டையும் ஒருமுறை திறந்து பார்ப்பார்களாக. பொருள் கேட்கத்தக்க முதியவர் எவரேனும் அடுத்த அறையில் இன்னும் இருக்கக்கூடும்.