கலிலேயாவும் போடிமெட்டும்: உயிர்ப்புப் பெருவிழாவின் அன்றாடப் பொருள்

உயிர்ப்பு ஞாயிறன்று விடியுமுன் கல்லறைத் தோட்டத்தில் கூடி ஆராதித்தல் நம் திருச்சபைகள் பலவற்றில் வேரூன்றிய வழக்கமாகும். கல்லறைகளைத் துப்புரவு செய்து, பூவும் மெழுகுவர்த்தியும் வைத்து, கதிரவன் எழும் வேளையில் பாடித் துதித்து மக்கள் இல்லம் திரும்புகின்றனர். வழக்கம் நன்றே. ஆயினும், கல்லறையண்டை தொடங்கிய பெருவிழா அங்கேயே முடிந்துவிடுகின்றதோ என்னும் வினா எழாமலில்லை. தேனி மாவட்டத்து மலையடிவாரச் சபைகளில் ஊழியஞ்செய்வோர் இவ்வினாவைத் தவிர்த்தல் இயலாது. அங்கே விடியுமுன் எழுவது ஆண்டுக்கொருமுறை நிகழ்வதன்று.

பொட்டிபுரம், தேவாரம், போடிநாயக்கனூர் எனத் தொடரும் இம்மலையடிவாரப் பகுதியிலிருந்து, கேரள எல்லைக்கப்பாலுள்ள ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர் இருள் பிரியுமுன் ஜீப்புகளில் புறப்படுகின்றனர். அவர்களுட் பெண்களே மிகுதி. போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் மட்டும் 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய ஜீப்புகள் கவிழ்ந்ததும் உண்டு. ஏலச்செடியின் சரம் தூரிலிருந்து கிளைத்து மண்ணையொட்டிப் படர்வதாகும். ஆகவே காய் பறிப்பவர் நாள் முழுதும் குனிந்தோ குந்தியோ இருத்தல் வேண்டும். அம்மணப்பொருள் போடியின் ஏலச்சந்தை வழியே நெடுந்தொலைவு செல்கின்றது. பறித்த கைக்கு அன்றைய கூலி மட்டுமே.

நற்செய்தியாளர் மாற்கு காட்டும் பெண்களும் மணப்பொருளோடுதான் சென்றனர். மகதலேனா மரியாளும், யாக்கோபின் தாயாகிய மரியாளும், சலோமேயும் பெருவிழாக் கொண்டாடச் செல்லவில்லை. இறந்தவருக்குச் செய்யவேண்டிய வேலையொன்று எஞ்சியிருந்தது, அதைச் செய்யச் சென்றனர். கல்லைப் புரட்டுவது யார் என்று வழியில் அவர்கள் பேசிக்கொண்டதும் வேலைக்குச் செல்வோரின் பேச்சே. அவர்களுக்குக் கிடைத்த செய்தி யாது? இயேசு கல்லறையில் இல்லை. கலிலேயாவுக்கு முன்னே செல்கின்றார். ஆலயமிருந்த எருசலேமன்று, வலையும் வயலும் வரிச்சாவடியுமிருந்த கலிலேயா. இப்பெண்கள் அவருக்குப் பணிவிடை செய்த இடமும் அதுவேயென மாற்கு முந்தைய அதிகாரத்திலேயே குறித்துள்ளார். முன்னே செல்லுதலைக் குறிக்கும் அதே கிரேக்க வினைச்சொல்லை, இயேசு எருசலேமை நோக்கிச் சீடருக்கு முன் நடந்த காட்சியிலும் (10:32) அவர் கையாள்கின்றார். பாடுகளின் பாதையில் முன் நடந்தவரே இப்பொழுது வேலைத்தலத்துக்கும் முன் நடக்கின்றார்.

இதனை, உழைப்பு புனிதமானது, ஆகவே முறையிடாமல் உழையுங்கள் என்னும் புத்திமதியாக்கிவிடலாகாது. அத்தகைய பிரசங்கம் தோட்ட முதலாளிக்கே உவப்பாயிருக்கும். மறுமை நம்பிக்கையை மட்டும் பேசி அமைவதும் பாதிச் செய்தியே. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 15ஆம் அதிகாரத்தில் 57 வசனங்கள் உயிர்த்தெழுதலை வாதிட்ட பவுல், 58ஆம் வசனத்தில் பிரயாசத்தில் வந்து நிற்கின்றார். அங்குள்ள ‘கோப்பொஸ்’ என்னும் கிரேக்கச் சொல் உடல் களைக்கும் உழைப்பைச் சுட்டுவது; கைகளால் வேலைசெய்து பாடுபடுவதைப்பற்றி 4:12இல் அவர் கூறுமிடத்து வரும் வினையும் அச்சொல்லோடு உறவுடையதே. அதனையடுத்து உடனே, எருசலேமின் வறியோருக்கான காணிக்கை பேசப்படுகின்றது. இடையிலுள்ள அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் ஏற்பட்டது. பவுல் அங்கே நிறுத்தவில்லை. வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் சேர்த்துவைக்கும்படி அவர் கூறுகின்றார். கல்லறை வெறுமையாகக் காணப்பட்டதும் அந்நாளிலேயே.

2020ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 12ஆம் நாள் வந்தது. நாடெங்கும் ஊரடங்கு, ஆலயக் கதவுகள் மூடப்பட்டிருந்தன, மாநில எல்லையும் அடைபட்டிருந்தது. கல்லறைத் தோட்ட ஆராதனையும் இல்லை, விடியற்கால ஜீப்பும் இல்லை. கைப்பேசியில் உயிர்ப்பின் பிரசங்கம் ஒலித்த வீடுகளில் கூலி நின்றுபோயிருந்தது. அவ்வாண்டு அனைவருக்கும் தெரியவந்த இந்நிலையின் ஒரு சிறு பகுதி ஆண்டுதோறும் திரும்புவதை நாம் கவனித்தல் வேண்டும். தை மாசியோடு காய்ப்பறிப்பு ஓய்ந்துவிடும். அடுத்த பறிப்பு ஆடி ஆவணியில்தான். இடையில் வரும் கோடையில் வேலைநாட்கள் குறைகின்றன. உயிர்ப்புத் திருநாள் வருவதும் அக்காலத்திலேயே. அந்நாளின் காணிக்கை எதற்கெனக் குருசேகரக் கமிட்டி தீர்மானிக்கும்பொழுது, ஆயர் 15ஆம் அதிகாரத்தை மட்டும் வாசித்துப் புத்தகத்தை மூடாமல், இன்னும் நான்கு வசனங்கள் தொடர்ந்து வாசிக்கலாம்.