பிரப் ரோட்டில் ஒரு கோட்டை

ஈரோடு பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஏறினோம், நானும் என் அக்கா மகளும். ஏழாம் வகுப்பு, சென்னைப் பிள்ளை. செல்போன் மேப்பில் ஆங்கிலத்தில் இருந்ததை எழுத்துக்கூட்டி, “அண்ணா, புரோ ரோடு போகணும்” என்றாள். டிரைவர் திரும்பிப் பார்த்தார். “பிரப் ரோடுங்களா கண்ணு?”

வண்டி கிளம்பியதும் என் காதோரம் வந்தாள். “பி, ஆர், ஓ, யூ, ஜி, ஹெச். இதுல ‘ப்’ எங்கே மாமா இருக்கு?”

நல்ல கேள்வி. ஆனால் டிரைவர் சொன்னதுதான் சரி. அந்தோணி வாட்சன் பிரப் என்பவர் ஆஸ்திரேலியாவிலிருந்து லண்டன் மிஷன் ஊழியராக ஈரோட்டுக்கு வந்தவர். பன்னீர்செல்வம் பார்க் பக்கத்தில் அவர் நினைவாக ஒரு தேவாலயமே இருக்கிறது. ரோட்டின் பெயரை மீனாட்சிசுந்தரனார் சாலை என்று மாற்றி வெகுகாலமாகிறது. என்றாலும் ஊர் வாயில் அது பிரப் ரோடுதான்.

அந்த ‘ஜி, ஹெச்’ கதைக்கு வருவோம். ஒரு சோதனை செய்து பாருங்கள். ‘க்’ சொல்லும்போது நாக்கின் பின்பக்கம் மேலே போய் ஒட்டும். ஒட்ட விடாமல் நூலளவு இடைவெளி விட்டுக் காற்றை ஊதுங்கள். தொண்டையில் மீன்முள் மாட்டியவர் காறுவதுபோல ஒரு சத்தம் வருகிறதா? இடைக்கால ஆங்கிலத்தில் அந்த ‘ஜி, ஹெச்’ இந்தச் சத்தத்துக்குத்தான் நின்றது. ‘எஃகு’ என்று சொல்லும்போது நமக்கும் அந்தப் பக்கம் லேசாக உரசும்.

இப்போது அதே சத்தத்தை, ‘உ’ சொல்கிற மாதிரி உதட்டைக் குவித்துக்கொண்டு எழுப்புங்கள். சத்தம் மங்கிப்போகும். அடுத்த அறையில் இருப்பவருக்கு அது ‘ஃப்’ மாதிரிக் கேட்கலாம். அப்படித்தான் நடந்தது. தாத்தா தொண்டையில் உரசியதைப் பேரன் உதட்டில் உரசியதாகக் கேட்டு, அப்படியே பேசப் பழகினான். சிரிப்பதற்கும் இருமுவதற்கும் உள்ள ஆங்கிலச் சொற்களை எழுதிப் பாருங்கள். எழுத்தில் பழைய தொண்டை, பேச்சில் புதிய உதடு. 1476இல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் முதல் அச்சகம் வைத்தார். அதற்குப் பிறகு எழுத்துகள் மெல்ல உறைந்துபோயின. நாக்கு உறையுமா?

ஆங்கிலேயர்தான் இப்படி என்று சிரிக்க வேண்டாம். நம் மாவட்டத்திலேயே திம்பம் மலை ஏறித் தாளவாடிக்குப் போனால் காதில் கன்னடம் விழும். நம் பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, பத்து ஹத்து. இங்கே சத்தம் எதிர்த்திசையில், உதட்டிலிருந்து தொண்டைக்குப் போயிருக்கிறது!

‘ப்ரஃப்’ என்று கேட்ட ஈரோட்டுக் காதும் சும்மா இருக்கவில்லை. தமிழில் ‘ப்ர’ என்று சொல் தொடங்காது. நடுவே ஒரு இகரம் போட்டுப் ‘பிர’ ஆக்கியது. ‘ஃப்’ நமக்குப் பழக்கமில்லை, ‘ப்’ ஆக்கியது.

சரி, பிரப் என்றால் என்ன? வட இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஊர்ப்பெயராக இருந்து குடும்பப் பெயரானது அது. பொருள், கோட்டை. எடின்பரோ, ஹாம்பர்க் என்ற நகரப் பெயர்களின் வாலும் இதே வேரில் முளைத்ததுதான். ஸ்காட்லாந்தின் வடக்குத் தீவுகளில் 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய வட்டக் கல்கோபுரங்கள் இருக்கின்றன. அவற்றைக் குறிக்கும் சொல்லும் இதன் உடன்பிறப்பு. மூசா தீவில் உள்ள ஒன்று 13 மீட்டர் உயரம். சுண்ணாம்பும் இல்லை, சேறும் இல்லை. வெறும் கல்மேல் கல். சுவரை இரண்டாகக் கட்டி, நடுச்சந்தில் படிக்கட்டு வைத்திருக்கிறார்கள். மாடிக்குப் போகிறவர் சுவருக்குள்ளேயே ஏறிப் போவார்!

கவிஞர் ஈரோடு தமிழன்பன் தம் பெயருக்கு முன்னால் ஊரை வைத்துக்கொண்டார். நம்மிடம் ஊர்ப்பெயர் பெரும்பாலும் அந்த ஒருவரோடு நின்றுவிடும். அங்கே அது மகனுக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொள்ளும். தகப்பன் பெயரும் அப்படித்தான். ‘மெக்’ என்று தொடங்கினால் இன்னாருடைய மகன் என்று பொருள். ‘கொங்குதேச ராஜாக்கள்’ முதலான சுவடிகளைத் திரட்டிய காலின் மெக்கன்சி ஸ்காட்லாந்துக்காரர். அவர் பெயருக்குக் கென்னத்தின் மகன் என்று பொருள். ஆனால் அந்தக் கென்னத் அவருடைய அப்பா இல்லை, எத்தனையோ தலைமுறைக்கு முந்தைய மூதாதை. இப்படி ஒட்டிக்கொண்டே வந்ததால்தான் எங்கோ குளிரில் நின்ற ஒரு கோட்டை ஆஸ்திரேலியா வழியாக நம் ஊர் வரை வந்திருக்கிறது.

ஈரோட்டிலும் கோட்டை இருந்தது. 1877 பஞ்சத்தில் நிவாரண வேலையாக அதை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். கோட்டை ஈஸ்வரனும் கோட்டைப் பெருமாளும் மட்டும் பெயரைக் காப்பாற்றி வருகிறார்கள்.

இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் பெரிய மாரியம்மன் கோயில் வந்துவிட்டது. இறங்கும்போது அவள் டிரைவரிடம் கேட்டாள்: “அப்போ இதுவும் கோட்டை ரோடுதானே அண்ணா?”

“இல்லீங்க கண்ணு,” என்றார் அவர், சில்லறையை எண்ணிக்கொண்டே. “கோட்டைக்கு அந்தப் பக்கம் போகோணும்.”