'ஒன்லி' எங்கே நிற்கிறது?

"ஐ வாஸ் ஹியர் ஒன்லி, சார்!"

ஒரு காரியாலயத்தில் காலையிலிருந்து காத்துக் கிடந்த என் அத்தை, "கூப்பிட்டபோது எங்கே போனீர்கள்?" என்று ஆங்கிலத்தில் அதட்டிய அதிகாரிக்குச் சொன்ன பதில் இது. அதிகாரி புன்னகை செய்தார்; பக்கத்து மேஜைக்காரர் சிரித்தே விட்டார். அத்தையின் முகம் சுண்டிப் போயிற்று. அன்று முதல் அவள் ஆங்கிலத்தில் வாயைத் திறப்பதில்லை.

அத்தை செய்த குற்றந்தான் என்ன? 'இங்கேதான் இருந்தேன்' என்பதில் உள்ள 'தானை' அப்படியே 'ஒன்லி' ஆக்கிவிட்டாள். நம்முடைய 'தான்' இரண்டு வேலை பார்க்கும். 'பத்து ரூபாய்தான் இருக்கிறது' என்றால், அதற்கு மேல் இல்லை என்று எல்லை கட்டும். 'இங்கேதான் இருந்தேன்' என்றால், சொல்வதை அழுத்திக் காட்டும். 'ஒன்லி'க்கு முதல் வேலை மட்டுமே தெரியும். அதன் வயிற்றுக்குள் இருப்பதே 'ஒன்' என்ற எண் அல்லவா? அத்தை 'ஐ வாஸ் ரைட் ஹியர்' என்றிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

அடுத்த சங்கதி, அது நிற்கும் இடம். 'ஐ கேவ் கமலா டென் ருபீஸ்' என்ற வாக்கியத்தை எடுத்துக் கொள்ளுங்கள். 'ஐ'க்கு முன்னால் 'ஒன்லி'யைப் போட்டால், கொடுத்தது நான் மட்டுமே. கமலாவுக்கு முன்னால் போட்டால், வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. 'டென்'னுக்கு முன்னால் போட்டால், பதினோராவது ரூபாய் கிடையாது!

பேச்சில் ஆங்கிலேயர் பெரும்பாலும் அதை வினைச் சொல்லுக்கு முன்னால் போட்டுவிட்டு, மற்றதைக் குரலுக்கு விட்டுவிடுவார்கள். அது தவறு என்று சாதித்த பண்டிதர்களை ஃபௌலர் என்ற அறிஞர், 1926-ல் வெளிவந்த தம் ஆங்கில உபயோக அகராதியில் கண்டித்திருக்கிறார். ஆனால் எழுத்துக்குக் குரல் இல்லையே! அர்த்தம் மாறிவிடும் என்று தோன்றினால், எந்தச் சொல்லுக்கு எல்லை கட்டுகிறோமோ அதன் பக்கத்திலேயே 'ஒன்லி'யை நிறுத்துங்கள்.

'செக்'கில் 'ருபீஸ் ஃபைவ் ஹண்ட்ரட் ஒன்லி' என்று எழுதுகிறோமே, ஏன் தெரியுமா? பின்னால் யாரும் ஒரு சொல் சேர்த்துத் தொகையை ஏற்றிவிடாமல் இருக்கத்தான். அங்கே அது வாசற்கதவின் தாழ்ப்பாள்.

இவ்வளவையும் அத்தையிடம் சொன்னேன். அவள் நிதானமாகக் கேட்டுவிட்டு, "அது சரி. அன்றைக்குச் சிரித்தாரே பக்கத்து மேஜைக்காரர், அடுத்த நிமிஷமே டெலிபோனில் என்ன சொன்னார் தெரியுமா?" என்றாள்.

"என்ன சொன்னார்?"

"ஐ ஆம் இன் தி ஆபீஸ் ஒன்லி!"