பரிசுக் குலுக்கலில் ஒரு கணக்கு

நேரில் ஒருவரையொருவர் கண்டிராத தபால்தலைச் சேகரிப்பாளர் பத்துப் பேர், கிறிஸ்துமஸுக்கு அஞ்சல்வழிப் பரிசு பரிமாற எண்ணுகிறார்கள் என்று கொள்வோம். யார் யாருக்கு அனுப்புவது? பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்குவதே வழக்கம். ஆனால், தன் பெயர்ச் சீட்டே தன் கைக்கு வந்துவிட்டால்? அபூர்வம் என்று எண்ணிவிடாதீர்கள். பிரெஞ்சுக் கணித அறிஞர் மோன்மோர், 1708-இல் வெளியிட்ட சூதாட்டக் கணக்கு நூலிலேயே இத்தகைய சிக்கலை முன்வைத்தார். நால்வர் என்றால் சீட்டுகள் விழக்கூடிய வகைகள் 24. எவருக்கும் தன் பெயர் வாராதவை 9 மட்டுமே. பத்துப் பேரானாலும் ஆயிரம் பேரானாலும் நூற்றுக்கு ஏறத்தாழ 37 முறைதான் குலுக்கல் பழுதின்றி அமையும்! ஆட்கள் பெருகினால் இடர் குறையும் என்றே நானும் நம்பியிருந்தேன்.

இதற்கு எளிய வழியுண்டு. அமைப்பாளர் சீட்டுகளைக் கலைத்து வட்டமாக அடுக்கி, ஒவ்வொருவருக்கும் அடுத்திருப்பவரின் முகவரியை மட்டும் இரகசியமாகத் தெரிவித்தால் போதும்.

இதனினும் பெரிய தொல்லை, இடையில் ஒருவர் நழுவுவது. முன்கூட்டிச் சொன்னால் அவர் சீட்டை எடுத்துவிட்டு வட்டத்தை இணைத்துவிடலாம். சொல்லாமல் நழுவினாலோ, அவருக்கு அடுத்தவர் தபால்காரரை நாள்தோறும் எதிர்பார்த்து ஏமாந்து நிற்பார். அறிமுகமற்றவரிடம் வாய்விட்டுக் கேட்கவும் கூசுவார். அவருக்காகவே, அமைப்பாளர் தம்மிடம் இரண்டாயிருக்கும் தபால்தலைகளில் சிலவற்றை ஓர் உறையில் தனியே எடுத்து வைத்திருக்க வேண்டும்.