ஆறு பேர், 110 ரூபாய்... ஆன்லைன் போக்கரில் ஜெயிப்பது யார்?

“கொஞ்சம் ஸ்ட்ராட்டஜி கத்துக்கிட்டா போதும், சின்னத் தொகை டோர்னமென்ட்ல ஈஸியா ஜெயிச்சுடலாம்!” - மொபைலில் சீட்டு விளையாடும் இளைஞர்கள் மத்தியில் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. போக்கருக்குத் திறமை வேண்டும் என்பது உண்மைதான். ஆனால், அந்தத் திறமை பணமாக மாறுமா என்பது வேறு கணக்கு. இரண்டையும் பார்த்துவிடலாம்.

துண்டுக்குள் விலை!

மணப்பாறை என்றதும் முறுக்குக்கு அடுத்து நினைவுக்கு வருவது மாட்டுச் சந்தை. நம்மூர் மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு, விரல்களைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு விலை தெரியாது. எதிராளி எதுவரை இறங்கி வருவார் என்பதை ஊகித்துத்தான் பேரம் நடக்கும்.

போக்கரும் அப்படித்தான். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டுகள் மறைவாகத் தரப்படும். ஐந்து சீட்டுகள் பொதுவில் விரிக்கப்படும். மற்றவர் கையில் என்ன இருக்கிறது என்பதை, அவர் கட்டும் தொகையை வைத்துத்தான் கணிக்க வேண்டும்.

ஆறு பேர் மேசையில் என்ன வித்தியாசம்?

* ஒன்பது பேர் ஆடும் மேசையில் நல்ல சீட்டு வரும்வரை காத்திருக்கலாம். ஆறு பேர் மட்டும் என்றால், ‘பிளைண்ட்’ எனும் கட்டாயப் பந்தயம் சீக்கிரமே நம்மிடம் திரும்பி வந்துவிடும். காத்திருந்தே காயின்கள் கரையும். அதனால் சுமாரான சீட்டுகளையும் ஆடவேண்டி வரும்.

* முதலில் பேச வேண்டிய இடத்தில் இருந்தால் நிதானம் தேவை. கடைசியாகப் பேசும் இடம் கிடைத்தால் துணியலாம். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பார்த்துவிட்டு முடிவெடுக்க முடியும்.

* கையிருப்பு, பெரிய பிளைண்டைப்போல பத்து மடங்குக்கும் கீழே இறங்கிவிட்டால் சின்னச் சின்னதாகக் கட்டுவதில் பயனில்லை. மொத்தத்தையும் வைக்க வேண்டும். இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட வேண்டும்.

* முதல் இருவருக்கு மட்டும்தான் பரிசு என்றால், மூன்று பேர் மிஞ்சும்போது அதிகக் காயின் வைத்திருப்பவரோடு மோதாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

இதெல்லாம் சரியாகச் செய்தாலும் அதிர்ஷ்டம் காலை வாரும். ஆட்டத்தின் மிகச் சிறந்த கை, இரண்டு ஏஸ். எதிரில் இரண்டு ராஜா இருந்தால், அந்த ஏஸ்களே 100-க்குச் சுமார் 18 முறை தோற்றுப்போகும்.

கமிஷன் கணக்கு

ஓர் உதாரணம் போடுவோம். நுழைவுத் தொகை 110 ரூபாய். அதில் 100 ரூபாய் பரிசுக்கு, 10 ரூபாய் நிறுவனத்துக்கு. ஆறு பேர் சேர்ந்தால் பரிசு 600 ரூபாய். முதலிடத்துக்கு 390, இரண்டாம் இடத்துக்கு 210.

ஆறு பேரும் சம திறமைசாலிகள் என்றால், சராசரியாக ஒருவர் ஆட்டத்துக்கு 10 ரூபாய் இழப்பார். 100 ஆட்டத்தில் 1,000 ரூபாய். ஆனாலும், 100 ஆட்டங்கள் முடியும்போது இப்படிப்பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் அதிர்ஷ்டத்தால் மட்டுமே லாபத்தில் இருப்பார். அதிர்ஷ்டத்தில் வந்த லாபத்தைத் தன் திறமை என்று நம்பி, அவர் அடுத்து 500 ரூபாய் மேசைக்குப் போவார். பலரின் கடன் கதை ஆரம்பிக்கும் இடம் இதுதான்.

இதோடு வரியும் உண்டு. 2023 அக்டோபரிலிருந்து, ஆன்லைன் பண ஆட்டங்களில் கட்டும் தொகைக்கே 28 சதவிகித ஜி.எஸ்.டி விதிக்கப்பட்டது. நிகர வெற்றித் தொகையில் 30 சதவிகிதம் வருமான வரிப் பிடித்தம்.

கம்ப்யூட்டருக்கே 10,000 கை!

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து உருவாக்கிய ‘ப்ளூரிபஸ்’ என்ற செயற்கை நுண்ணறிவு, 2019-ல் ஆறு பேர் போக்கரில் தொழில்முறை வீரர்களை வென்றது. அதை நிரூபிக்க 12 நாள்களில் 10,000 கைகள் ஆட வேண்டியிருந்தது. அதிர்ஷ்டத்தின் பங்கைக் கழிக்கத் தனிக் கணித முறையும் தேவைப்பட்டது. அப்படியிருக்க, ஒரு மாத லாபத்தை வைத்து ‘நான் கில்லாடி’ என்று முடிவுகட்ட முடியுமா?

சட்டம் சொல்வது என்ன?

ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்த ஆட்டங்களே என்று 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால், 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் அந்த விவாதத்தையே தாண்டிவிட்டது. திறமையோ, அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்குத் தடை. அவற்றை நடத்துவோருக்கு மூன்று ஆண்டுகள் வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவருக்குத் தண்டனை இல்லை. ஆனால், தடையை மீறி இயங்கும் வெளிநாட்டு ஆப்களில் பணம் போனால் அதை மீட்பது குதிரைக்கொம்புதான்.

போக்கரின் கணக்கும் பொறுமையும் கற்றுக்கொள்ளத் தகுந்தவைதான். அதற்கு ஒரு ரூபாய்கூடக் கட்டத் தேவையில்லை. ஒரு சீட்டுக்கட்டு, பந்தயத்துக்குப் புளியங்கொட்டை, கூட ஐந்து நண்பர்கள் போதும். விட்டதைப் பிடிக்க இன்னொரு ஆட்டம் ஆடத் தோன்றுகிறதா? கட்டணமில்லா மனநல உதவி எண் 14416-ல் தமிழிலேயே பேசலாம். வீட்டில் யாரேனும் இதில் சிக்கியிருந்தால், திட்டுவதற்கு முன் இந்த எண்ணைக் கொடுங்கள்.